விரலில்லாக் கையுறை: பேட்டர்னை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

குன்னூர்க்காரி (டொராண்டோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளியின் தையல் வகுப்பில் கற்ற கம்பளிப் பின்னலை ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கையில் எடுத்திருக்கிறேன். சென்ற முறை குன்னூருக்குப் போயிருந்தபோது, அம்மாவின் பழைய பின்னல் ஊசிகளை ஒரு சேலைத் துண்டில் சுற்றி இங்கே கொண்டு வந்தேன். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மூன்று ஜோடி விரலில்லாக் கையுறைகள் பின்னிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

ஒரு ஜோடி எனக்கு. அலுவலகத்தில் என் இருக்கை சன்னலோரம் இருப்பதால், நாள் முழுவதும் தட்டச்சு செய்யும்போது விரல் நுனிகள் வெளியே இருக்க வேண்டும், மணிக்கட்டும் உள்ளங்கையும் மூடியிருக்க வேண்டும். இரண்டாவது ஜோடி அம்மாவுக்கு. விரல் மூட்டுகளில் வலி இருப்பதால் விடியற்காலையில் அவருக்குக் கை விறைத்துப் போகிறது. ஆனாலும் பூத்தொடுக்கவும் காய் நறுக்கவும் விரல்கள் வேண்டும் என்கிறார். மூன்றாவது தம்பிக்கு. அவன் மிதிவண்டியில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு வாசலிலும் கைப்பேசியைத் தொட வேண்டியிருப்பதால் முழுக் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே அவன் பொழுது போகிறது.

பின்னல்காரர்கள் கூடும் ரேவல்ரி இணையதளத்தில் தேடினால் பக்கம் பக்கமாகப் பேட்டர்ன்கள், அதாவது பின்னல் செய்முறைக் குறிப்புகள், வந்து விழுகின்றன. எல்லாப் படங்களும் அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றில் எளிது என்று தோன்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சொல்லியிருந்தபடியே வொர்ஸ்டட் எனப்படும் நடுத்தரத் தடிப்புள்ள நூல், 8-ஆம் எண் ஊசி, 32 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) என்று எதையும் மாற்றாமல் பின்னினேன். முடித்துவிட்டு மாட்டிப் பார்த்தால், சின்ன அளவு வளையலைச் சோப்பு போட்டு ஏற்றுவதுபோல ஏற்ற வேண்டியிருந்தது. பின்னலும் சாக்குத் துணி மாதிரி விறைப்பாக இருந்தது. பெருவிரலை விரித்தால் உள்ளங்கைப் பகுதி முழுவதும் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. பத்து சென்டிமீட்டருக்கு 18 கண்ணி வர வேண்டும் என்று பேட்டர்னின் தலைப்பில் ஒரு வரி இருந்ததைப் பின்னர்தான் கவனித்தேன். என்னுடையதில் எண்ணிப் பார்த்தால் 21 இருக்கிறது. நான்கு விரல்களின் அடியில் என் கையின் சுற்றளவு 19 சென்டிமீட்டர்.

என் பின்னல்தான் இறுக்கமா, அல்லது பேட்டர்னே சரியில்லையா? அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நூற்கண்டு (எடின்பரோ) எழுதிய பதில்:

வணக்கம். உங்கள் பின்னலிலும் தவறில்லை, அந்தப் பேட்டர்னிலும் தவறிருப்பதாகத் தெரியவில்லை. அம்மாவின் ஊசியில் பொறித்திருக்கும் எண்ணைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நம் அம்மாக்கள் வைத்திருந்த ஊசிகளுக்குப் பழைய பிரித்தானிய முறையில் எண் இட்டிருப்பார்கள். அந்த முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். இரண்டிலும் 8 என்ற எண் இருப்பதுதான் வம்பு: பழைய பிரித்தானிய 8 என்பது 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். 10-க்குப் போனால் இடைவெளி இன்னும் விபரீதமாகும். நம் ஊர் 10 வெறும் 3.25 மில்லிமீட்டர், அமெரிக்க 10 முழுதாக 6 மில்லிமீட்டர். வொர்ஸ்டட் நூலுக்கு 8 என்று எழுதியவர் அமெரிக்க எண்ணைத்தான் எழுதியிருப்பார். நீங்கள் 5 மில்லிமீட்டர் ஊசியில் பின்ன வேண்டியதை 4 மில்லிமீட்டரில் பின்னியிருக்கிறீர்கள். சாக்குத் துணி விறைப்பு வந்ததும் அதனால்தான். இனிமேல் எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். ஊசியில் மில்லிமீட்டர் பொறித்திருக்காவிட்டால், துளைகள் உள்ள ஊசி அளவுத் தகடு ஒன்றை வாங்கி, எந்தத் துளையில் ஊசி சரியாக நுழைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தலைப்பு வரிக்கு வருவோம். பத்து சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்றால், 32 கண்ணி சுற்றி வரும்போது 17.8 சென்டிமீட்டர் கிடைக்கும். உங்கள் 21 கண்ணிக் கணக்கில் அதே 32 கண்ணி 15.2 சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. பத்து சென்டிமீட்டருக்கு மூன்றே கண்ணி வித்தியாசம், கையைச் சுற்றி வரும்போது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. 19 சென்டிமீட்டர் கையில் 17.8 சென்டிமீட்டர் உறை சற்றே நீண்டு, நழுவாமல் அணைத்து உட்காரும். கையுறை எப்போதும் கையைவிட ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாக இருப்பதுதான் நல்லது. கைக்குச் சமமாகப் பின்னினால் இரண்டு முறை அணிந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். ஆகவே, முதல் சல்லடை இது: முடிந்த உறையின் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர், அது எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று இரண்டையும் சொல்லாமல் 'பெண்களுக்கான நடுத்தர அளவு' என்று மட்டும் எழுதியிருக்கும் பேட்டர்னை நான் தொடுவதில்லை. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இரண்டாவதாக நான் பார்ப்பது பெருவிரலை. என்னைக் கேட்டால், விரலில்லாக் கையுறையில் பேட்டர்ன் என்று சொல்லத் தக்கது பெருவிரல் பகுதி ஒன்றுதான். மற்றதெல்லாம் நேரான குழாய், அதன்மேல் வேண்டிய அலங்காரம். பெருவிரலுக்கு இடம் விடுவதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. குழாயின் பக்கவாட்டில் ஒரு பிளவை மட்டும் விட்டுவிடுவது ஒரு வழி. நேராகப் பின்னிக்கொண்டே போய், பெருவிரல் வரும் இடத்தில் சில கண்ணிகளை மட்டும் வேறு நிற நூலில் பின்னி வைத்து, பிறகு அந்த நூலை உருவி, திறக்கும் கண்ணிகளை ஊசியில் எடுத்துப் பெருவிரலைப் பின்னுவது இன்னொரு வழி. இந்த இரண்டிலும் உறையின் சுற்றளவு மாறுவதே இல்லை. ஆனால் நம் கை அப்படி இல்லை. மணிக்கட்டிலிருந்து பெருவிரலின் கவட்டை வரைக்கும் அது அகன்றுகொண்டே போகிறது. அந்த அகலத்துக்குத் துணி தராவிட்டால், பெருவிரல் தனக்கு வேண்டியதை உள்ளங்கையிலிருந்து இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுவேதான்.

மூன்றாவது வழி கசெட். பெருவிரலின் அடியில் ஒரு கண்ணியில் தொடங்கி, அதன் இருபுறமும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு முக்கோணத்தை விரிப்பது. வொர்ஸ்டட்டைவிடச் சற்று மெல்லிய டி.கே. கனமுள்ள நூலில் 4 மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 சுற்று வருவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு 40 கண்ணி ஏற்றினால் 18.2 சென்டிமீட்டர் கிடைக்கும். கசெட்டை ஒரு கண்ணியில் தொடங்கி, மூன்று சுற்றுக்கு ஒரு முறை இரண்டிரண்டாகக் கூட்டினால், ஆறு முறை கூட்டியதும் 13 கண்ணி ஆகும். உறையின் மொத்தக் கண்ணிகளில் மூன்றில் ஒரு பங்கு, சராசரிப் பெருவிரலுக்குச் சரியான அளவு. அதற்குப் பதினெட்டுச் சுற்று பிடிக்கும், அதாவது 6 சென்டிமீட்டர். மணிக்கட்டு மடிப்பிலிருந்து பெருவிரல் கவட்டை வரை உங்கள் கையை அளந்து பாருங்கள். ஏழு சென்டிமீட்டர் இருந்தால் கூட்டி முடித்தபின் இன்னும் மூன்று சுற்று சும்மா பின்னிவிட்டு, அந்த 13 கண்ணிகளையும் ஒரு துண்டு நூலில் கோத்து ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போகலாம். பின்னால் பெருவிரலைப் பின்ன வரும்போது கவட்டையில் ஓர் ஓட்டை தெரியும். எல்லோருக்கும் தெரியும், பதற வேண்டாம். அங்கே இரண்டு கண்ணிகளைக் கூடுதலாக எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துப் பின்னி, மிச்சமிருக்கும் ஓட்டையை நூலின் வால் முனையால் உள்ளிருந்து இழுத்துத் தைத்துவிட்டால் போதும்.

படத்தைப் பார்த்தே இதையெல்லாம் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெருவிரலை உள்ளங்கையோடு ஒட்டி வைத்து, புறங்கையை மட்டும் காட்டும் படங்களை நம்ப வேண்டாம். கோப்பையைப் பிடித்தபடியோ விரல்களை விரித்தபடியோ இருக்கும் படத்தில் பின்னல் எங்கே இழுபடுகிறது என்பது தெரிந்துவிடும். அதைவிட நல்ல சாட்சி, ரேவல்ரியில் அதே பேட்டர்னைப் பின்னிய மற்றவர்கள் போட்டிருக்கும் படங்களும் குறிப்புகளும். பத்துப் பேரில் ஆறு பேர் 'பெருவிரலுக்கு நான்கு கண்ணி கூட்டினேன்' என்று எழுதியிருந்தால், அந்தப் பேட்டர்னில் பெருவிரல் சிறியது என்று பொருள்.

தட்டச்சுக்கு ஒரு குறிப்பு மட்டும். கேபிள் எனப்படும் முறுக்குப் பின்னலை நீங்கள் விரும்பினால், அது புறங்கையில் மட்டும் வரும்படியான, வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட பேட்டர்னைத் தேடுங்கள். உள்ளங்கையிலும் முறுக்கு ஓடினால் மேசையில் கை வைக்கும் போதெல்லாம் உறுத்தும். கேபிள் துணியைக் குறுக்கே இழுத்துச் சுருக்கும் என்பதால், வெறும் பின்னலுக்கான கண்ணிக் கணக்கில் அதைச் செருகிவிடவும் கூடாது. மேல் விளிம்பு நடுவிரலின் முதல் மூட்டுக்கும் இரண்டாம் மூட்டுக்கும் இடையில் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் விரல்கள் விசைப்பலகையில் தடுமாறும்.

அம்மாவின் 8-ஆம் எண் ஊசிகளை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். டி.கே. நூலுக்கு அவைதான் சரியான ஊசிகள்.


மலைக்காற்று (உதகை) எழுதிய பதில்:

குன்னூர்க்காரிக்கு உதகையிலிருந்து வணக்கம். ஊசி எண் பற்றி மேலே சொல்லியிருப்பது முற்றிலும் சரி. எங்கள் வீட்டு ஊசிகளிலும் அந்தப் பழைய எண்கள்தான். ஆனால் பிளவு விட்ட பெருவிரலை அவர் ஒதுக்கித் தள்ளுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலைகளில், மார்க்கெட்டில் காய் நிறுத்துச் சில்லறை எண்ணுகிறவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சில ஜோடிகள் பின்னிக் கொடுக்கிறேன். அவை எல்லாமே பிளவு விட்டவைதான். இதுவரை ஒருவரும் இழுக்கிறது என்று சொன்னதில்லை. காரணம், நான் எங்குமே வெறும் நிட் (நேர்க்கண்ணி) பின்னல் போடுவதில்லை; மணிக்கட்டிலிருந்து விரல் வரை இரண்டு நிட், இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று மாற்றி மாற்றி, நெடுக்குவரி விழும் ரிப்பாகவே பின்னுகிறேன். ரிப் தானாகவே விரிந்து கொடுக்கும்போது கசெட் இல்லாத குறை தெரிவதில்லை.

உங்கள் அம்மாவுக்கு அதைவிட எளியது ஒன்று இருக்கிறது. விரல் மூட்டில் வலி உள்ளவருக்கு, அணிந்திருக்கும்போது சுகமாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான்; அடுத்தவர் உதவியில்லாமல் அதை மாட்ட முடிகிறதா என்பதே முதல் கேள்வி. விளிம்பு இறுக்கமாக இருந்தால், மறு கையின் விரல்களால் பிடித்து இழுக்கும்போதுதான் அவருக்கு வலி கூடும். நாம் கண்ணி ஏற்றும் விளிம்பும் முடிக்கும் விளிம்பும்தான் எந்த உறையிலும் இறுக்கமான இடங்கள். ஆகவே அந்த இரண்டு விளிம்புகளும் கையைச் சுற்றி வராதபடி, உறையைக் குறுக்குவாட்டில் பின்னிவிடுங்கள். உறையின் நீளமான 18 சென்டிமீட்டருக்கு வேண்டிய கண்ணிகளை ஏற்றி, எல்லா வரிசையும் நிட்டாகவே, அதாவது கார்ட்டர் பின்னலாகவே, லேசாக இழுத்துப் பிடித்தால் கையைச் சுற்றி வரும் அளவுக்குப் பின்னுங்கள். பிறகு தொடக்க விளிம்பையும் முடிவு விளிம்பையும் சேர்த்துத் தைக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து 8 சென்டிமீட்டர் தைத்து, பெருவிரலுக்கு 5 சென்டிமீட்டர் விட்டுவிட்டு, மீதி 5 சென்டிமீட்டரையும் தைத்தால் முடிந்தது. கார்ட்டர் பின்னல், வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும் போக்கில் ரப்பர் போல நீளும். அந்தப் போக்கு இப்போது கையைச் சுற்றி அமைகிறது. இரண்டே ஊசி போதும், இருமுனை ஊசிகள் வேண்டாம், வலது இடது என்ற பேதமும் இல்லை. இதை ஒரு பேட்டர்ன் என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது இதையும் பட்டியலில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா கையில் வளையல் போடுகிறாரா? வெளிநாட்டுப் பேட்டர்ன்களில் மணிக்கட்டுப் பகுதியை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமாக வைத்திருப்பார்கள். வளையல் போட்ட கையை நினைத்து எழுதியவை அல்ல அவை. வளையல்களுக்கு மேலே உறையை இழுத்து விட்டால் துருத்திக்கொண்டு நிற்கும். வளையல்களை உறைக்கு மேலே ஏற்றினால், கல் வைத்த வளையலாக இருக்கும்போது நூலைக் கொக்கி போலப் பிடித்து இழுக்கும். என் அம்மாவுக்குப் பின்னியபோது மணிக்கட்டு எலும்புக்குக் கீழே மூன்றே சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டேன், வளையல்கள் அதற்குக் கீழே தாராளமாக ஆடுகின்றன. உங்கள் அம்மாவுக்கும் அதுதான் பொருந்தும் என்றால், 18 சென்டிமீட்டருக்குப் பதில் 14 போதும். தைக்கும்போது மணிக்கட்டுப் பக்கத்து எட்டில்தான் நான்கைக் குறைக்க வேண்டும், மேலே குறைக்கக் கூடாது.

நூல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். இங்குள்ள கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். மார்க்கெட்டில் இருப்பவர்களுக்கு அதுவே போதும், எப்படித் துவைத்தாலும் தாங்கும். ஆனால் காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைக்கிற கைக்கு அக்ரிலிக் வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். உண்மையான கம்பளி அப்படி உருகுவதில்லை, கருகும். எந்த நூலாக இருந்தாலும் அடுப்படிக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். சொன்னாலும் எத்தனை நாள் கழற்றுவார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கம்பளி என்கிறேன்.


இரட்டை ஊசி (ஒஸ்லோ) எழுதிய பதில்:

வணக்கம். என் மகள் இங்குள்ள பள்ளியில் பின்னல் கற்று வந்தபோது, அவளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவப் போய் நானும் கற்றுக்கொண்டேன். நோர்வேயில் ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளியில் கைவேலைப் பாடம் உண்டு என்பதால் ஓர் ஆண் ஊசி பிடிப்பதை இங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. உங்கள் தம்பியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்ற இரண்டையும் மேலே இருவரும் நன்றாக விளக்கிவிட்டார்கள்.

டொராண்டோவின் சனவரிக் குளிரில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு விரலில்லாக் கையுறை போதாது. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நிற்கும்போது தாங்கக்கூடிய குளிர், ஓடும் வண்டியின் காற்றில் பல மடங்காகத் தெரியும். பின்னல் துணியின் ஒவ்வொரு கண்ணி வழியாகவும் காற்று நுழையும். அவருக்கு நீங்கள் தேட வேண்டியது, புறங்கையில் ஒரு மூடி வைத்த வகை. விரல்கள் பாதி வெளியே இருக்கும். அவற்றின்மேல் ஒரு பை போல இழுத்து மூடிக்கொள்ளலாம், வேண்டாதபோது பின்னால் மடித்து மணிக்கட்டருகே ஒரு பொத்தானில் மாட்டிவிடலாம். அதைப் பின்னுவது கடினமும் அல்ல. சாதாரண விரலில்லாக் கையுறையை முடித்தபின், விரல்கள் தொடங்கும் வரியில் புறங்கைப் பக்கத்துக் கண்ணிகளை ஊசியில் எடுத்து, உள்ளங்கைப் பக்கத்துக்கு அதே எண்ணிக்கையில் புதிதாகக் கண்ணி ஏற்றி, வட்டமாகச் சேர்த்து, விரல் நுனி வரை பின்னிக் குறைத்து மூட வேண்டும். உள்ளங்கைப் பக்கத்துப் புதிய விளிம்பில் நான்கைந்து சுற்றாவது ரிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது சுருண்டு நிற்கும். பெருவிரலும் திறந்தே இருக்கும் பேட்டர்ன் வேண்டாம், அதை முழுவதும் மூடிய பேட்டர்னையே தேர்ந்தெடுங்கள். கைப்பேசியைத் தொடச் சுட்டுவிரல் போதும்.

நூல், 75 விழுக்காடு கம்பளியும் 25 விழுக்காடு நைலானும் கலந்த காலுறை நூலாக இருக்கட்டும். மிதிவண்டியின் கைப்பிடி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட இடத்தைத்தான் முதலில் தேய்த்துத் தின்னும். தூய மெரினோ என்ற மென்கம்பளி அங்கே ஒரு பருவம்கூடத் தாங்காது என்பது என் அனுபவம். காலுறை நூல் மெல்லியது என்பதால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் ஏறக்குறைய டி.கே. கனம் வந்துவிடும்.

வண்ணப் பின்னல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேடும்போது கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும்போது, பயன்படாத நிறம் உட்புறத்தில் ஓடுவதால் துணி இரட்டைத் தடிப்பாகிறது. குளிருக்கு மிகவும் நல்லது. இங்கே திரொண்ட்ஹைமுக்கு அருகில் உள்ள செல்பு என்ற ஊரின் கையுறைகள் அதற்குப் பெயர் பெற்றவை. 1857-இல் மாரித் எம்ஸ்தாத் என்ற இளம்பெண் எட்டிதழ் நட்சத்திரம் போட்ட கறுப்பு வெள்ளைக் கையுறையை முதலில் பின்னினார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அந்த நட்சத்திரத்தை இன்று நோர்வேயில் எங்கு திரும்பினாலும் காணலாம். நானும் ஆசைப்பட்டு, ஒரு முழுக் கையுறைப் பேட்டர்னை எடுத்து, விரல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ரிப் போட்டு முடித்தால் விரலில்லாக் கையுறை ஆகிவிடாதா என்று பின்னினேன். ஆயிற்று, ஆனால் நட்சத்திரத்தின் மேல் இரண்டு இதழ்கள் வெட்டுப்பட்டு, ஏதோ கூடாரம் போல ஒன்று புறங்கையில் நின்றது. கட்டப்படத்தில் நட்சத்திரத்தின் உச்சி எத்தனையாவது சுற்றில் முடிகிறது என்று முன்பே எண்ணியிருந்தால், மணிக்கட்டுக்கு மேலே நான்கு சுற்றைக் குறைத்துத் தொடங்கியிருக்கலாம். இந்த வகையில் உட்புறம் ஓடும் நூல் ஐந்து கண்ணிக்கு மேல் நீண்டால், மாட்டும்போது விரல் அதில் சிக்கிக்கொள்ளும். வண்ணப் பின்னல் ரிப்பைப் போல விரியவும் விரியாது. இங்கே கசெட் இல்லாமல் முடியாது, மலைக்காற்று மன்னிக்க வேண்டும்.

கடைசியாக, தம்பியின் மிதிவண்டிக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டக்கூடிய தடித்த துணி உறைகள் கடைகளில் கிடைக்கும். கையை அதனுள்ளே நுழைத்து ஓட்டலாம். அதை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால், உள்ளே நீங்கள் பின்னியது எந்த வகையாக இருந்தாலும் போதும்.


நூற்கண்டு (எடின்பரோ):

மலைக்காற்று அவர்களின் ரிப் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் கசெட்டை வற்புறுத்தியது வெறும் நிட் பின்னலையும் கேபிளையும் மனதில் வைத்துத்தான். ரிப்பில் பின்னுவதானால் 40 கண்ணிக்குப் பதில் 36 கண்ணியே போதும். இரண்டுமே நான்கால் வகுபடுவதால் இரண்டு நிட், இரண்டு பர்ல் கணக்கும் உதைக்காது. ஆனாலும் இவ்வளவு கனமான ரிப் முழு உறையிலும் ஓடினால் எனக்கு அது காலுறையின் கழுத்தைக் கையில் மாட்டியதுபோல் தோன்றும். அது என் கண்ணின் குறையாக இருக்கலாம்.

குன்னூர்க்காரிக்கு இன்னொன்று: இயந்திரத்தில் துவைக்கக்கூடிய சூப்பர்வாஷ் கம்பளியை வாங்கினால், துவைத்தபின் அது சற்றுத் தளர்ந்து பெரிதாகும். மணிக்கட்டு ரிப்பையும் அதற்கு மேல் ஐந்து சென்டிமீட்டரையும் பின்னியதும், கண்ணிகளை ஒரு துண்டு நூலில் ஏற்றிவிட்டு, நனைத்து உலர்த்தி அளந்துவிடுங்கள். தனியாக ஒரு சதுரத் துண்டு பின்னி அளப்பதைவிட இதுவே நம்பகமானது. தட்டையாகப் பின்னும்போது வரும் கண்ணிக் கணக்கும், குழாயாகச் சுற்றும்போது வருவதும் பலருக்கு ஒன்றாக இருப்பதில்லை.


குன்னூர்க்காரி (டொராண்டோ):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி அளவுத் தகடு வாங்கி வந்து முதல் வேலையாக அம்மாவின் ஊசிகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். 8 என்று பொறித்த நான்கு இருமுனை ஊசிகளும் 4 மில்லிமீட்டர் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தன. அந்தப் பழைய உறையைப் பிரித்து, நூலைச் சுற்றி வைத்துவிட்டேன். அலமாரியில் ஏற்கெனவே ஐம்பது கிராம் டி.கே. கம்பளிக் கண்டு ஒன்று இருந்ததால், எனக்கானதை அதிலேயே தொடங்கினேன். புறங்கையில் ஒரே ஒரு கேபிள் மட்டும் ஏறிச் செல்லும், உள்ளங்கை வெறுமனே இருக்கும், கசெட் உள்ள பேட்டர்னைத் தேர்ந்தெடுத்தேன். முடிந்த சுற்றளவு 18 சென்டிமீட்டர் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மற்றவர்கள் பின்னிய படங்களில் ஒருவர் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தார். பெருவிரலின் அடியில் ஒரு சுருக்கமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

பேட்டர்ன்காரர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கூட்டச் சொல்லியிருந்தார். என் கவட்டை வரை அளந்து பார்த்ததில் 6.5 சென்டிமீட்டர் இருந்ததால், நூற்கண்டு சொன்னபடி மூன்று சுற்றுக்கு ஒரு முறை கூட்டினேன். கவட்டையில் ஓட்டை வந்தது, பதறவில்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் வளையல் பற்றிக் கேட்டேன். கைக்கு மூன்று தங்க வளையல், நாள் கிழமையில் கண்ணாடி வளையலும் சேரும், எதையும் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். எனவே அவருக்குக் கார்ட்டர் பின்னலில் குறுக்குவாட்டு உறை, 14 சென்டிமீட்டர் நீளம், கம்பளி நூல் என்று முடிவாகிவிட்டது. தம்பிக்குக் கைப்பிடி உறையை வாங்கிக் கொடுத்துவிட்டேன். மூடி வைத்த கையுறையை அடுத்த மாதம்தான் தொடங்க முடியும். அவன் கையை அளக்க ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். என் முதல் உறை நேற்று முடிந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் 27 கிராம். கண்டில் மிச்சம் இருப்பது 23 கிராம். அதே நிறத்தில் இன்னொரு கண்டு கடையில் இல்லை. இரண்டாவது உறையின் மணிக்கட்டை மட்டும் வேறு நிறத்தில் பின்னலாமா என்று யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. சுற்றுகளை எண்ணிப் பார்த்தேன்: ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை கிராம் போகிறது. முதல் உறையின் மேல் விளிம்பில் நான்கு சுற்றைப் பிரித்தால் இரண்டு கிராம் திரும்பி வரும், இரண்டு கைக்கும் இருபத்தைந்து இருபத்தைந்தாகச் சரியாக இருக்கும். வால் முனைகளுக்கும் சேர்த்து ஐந்து சுற்றாகவே பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டர்தான் குறையும். விசைப்பலகையில் கை வைத்துப் பார்த்தேன், அந்த ஒன்றரை சென்டிமீட்டர் எப்படியும் விரலின் இரண்டாம் மூட்டில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. இன்றிரவு பிரிக்கிறேன்.